இடப்பக்கம் நாற்பத்தொரு டிகிரி

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

போன வாரம் என் பதினான்கு மாத வேலை முடிந்தது. இருபத்துமூன்று படிகள். ஒவ்வொரு படியிலும் பாதி சரக்கு வீணாகி, கடைசியில் குப்பியின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் நின்றது. பூஞ்சையிலிருந்து எடுத்த இயற்கைச் சரக்கை ஒரு பக்கம் வைத்தேன், நான் கட்டியதை ஒரு பக்கம் வைத்தேன். உருகும் சூடு ஒன்று. எடை ஒன்று. எந்தக் கருவியில் வைத்தாலும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரர் கைகூடக் கொடுத்துவிட்டார்.

கடைசியாக பாலரிமீட்டரில் வைத்தேன். சரக்கு ஒளியை எந்தப் பக்கம் திருப்புகிறது என்று காட்டும் கருவி அது, உனக்குத் தெரியாததல்ல. இயற்கைச் சரக்கு வலப்பக்கம் நாற்பத்தொரு டிகிரி திருப்பியது. என்னுடையது இடப்பக்கம் நாற்பத்தொரு டிகிரி. குழாயைக் கழுவித் துடைத்து நாலு தடவை நிரப்பிப் பார்த்தேன். எண் இம்மியும் மாறவில்லை, பக்கம்தான் மாறியிருந்தது.

புரிகிறதா உனக்கு? கண்ணாடியில் தெரிகிற பிம்பத்தைப் பதினான்கு மாதம் உட்கார்ந்து செய்திருக்கிறேன். வலது கால் செருப்பு கேட்ட இடத்தில் இடது கால் செருப்பைத் தைத்து வைத்திருக்கிறேன். மருந்துப் பிரிவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இயற்கைச் சரக்கில் வலிப்பு நிற்கிறது. என் சரக்கில் எலி பாட்டுக்கு வலிப்பு வந்து துடிக்கிறது.

நான் எதைப் பார்த்துச் செய்தேன்? படிகத்தில் எக்ஸ்ரே விட்டு நீ கண்டுபிடித்து அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான். எந்த அணு முன்னால் நிற்கிறது, எது பின்னால் போகிறது என்று அந்த ஒரு தாளை நம்பித்தான் முதல் படியிலிருந்து எல்லாவற்றையும் தீர்மானித்தேன். படம் தப்பு.

28ஆம் தேதி குழு கூடுகிறது. என் பதவியை இரண்டு வருஷம் நீட்டிப்பதா, 31ஆம் தேதியோடு அனுப்பிவிடுவதா என்று அன்றைக்கு முடிவு செய்வார்கள். தவறான படத்தைக் கொடுத்தவன் நான்தான் என்று எங்கள் தலைவருக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். கையெழுத்தும் ஆய்வகத்து முத்திரையும் வேண்டும். உன்னிடம் நான் கேட்பது அவ்வளவுதான்.

அம்மாவிடம் எதையும் உளறி வைக்காதே.

அக்கா

மார்ச் 8

அக்கா,

கடிதம் கிடைத்தது. சாப்பாட்டு மேஜையில் வைத்துப் படித்தேன். எதிரே அம்மா உட்கார்ந்திருந்தாள். "என்னடா எழுதியிருக்கா?" என்றாள். "சௌக்கியமா இருக்காளாம்" என்றேன். உன்னால் காலையிலேயே ஒரு பொய்.

என் படம் தப்பு இல்லை. கோபத்தில் சொல்லவில்லை, சரிபார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கடிதம் வந்த அன்றே பழைய கம்ப்யூட்டர் டேப்பை எடுத்து மறுபடி ஓட்டினேன். அறுபத்திரண்டு அணுக்கள், ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது என்று சொல்ல மூன்று எண்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் கண்டது வலக்கை வடிவம்தான், இயற்கைச் சரக்கும் அதுதான். நீ இடக்கை வடிவத்தைச் செய்திருந்தால் அது உன் மேஜையில் நடந்த தப்பு. இருபத்துமூன்று படியில் எங்கே கோட்டை விட்டாய் என்று தேடாமல், நேராக என் சட்டையைப் பிடிக்கிறாய்.

அந்தத் தாளை நான் எப்படி வரைந்தேன் என்று உனக்குத் தெரியுமா? கம்ப்யூட்டர் சொல்கிறபடி பேனாவால் படம் வரைகிற பிளாட்டர் காலியாக இருப்பது விடுமுறை நாளில்தான். பூட்டியிருந்த அறைக்கு வாட்ச்மேனைக் கெஞ்சிச் சாவி வாங்கி, பேனா மை காய்ந்து காய்ந்து போய், ஏழு தாள் வீணாக்கி எட்டாவதில் வந்த படம் அது. என் கட்டுரையே அப்போது அச்சாகவில்லை. இந்த முழு உருவம் எங்கள் ஆய்வகத்துக்கு வெளியே ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. எல்லோருக்கும் முன்னால் உனக்குக் கிடைக்கட்டும் என்று, உனக்காகவே தனியாக வரைந்து அனுப்பினேன். அதற்கு வந்த நன்றி இது.

கருத்தரங்கில் நடந்ததை நீ இன்னும் வயிற்றில் வைத்துப் புகைந்துகொண்டிருக்கிறாய். அதற்குத்தான் இப்போது என்னைக் குனிய வைக்கப் பார்க்கிறாய். நான் செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். முத்திரையும் வைக்க மாட்டேன்.

தம்பி

மார்ச் 12

சின்னவனே,

கருத்தரங்கை நீயாகத்தான் எடுத்தாய். நல்லது, பேசிவிடுவோம்.

ஆறு வருஷம் அந்தப் பொருளை அமிலத்தில் உடைத்து, காரத்தில் உடைத்து, துண்டு துண்டாக எடுத்து, முழு உருவம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். எக்ஸ்ரே இல்லாமல், படிகம் இல்லாமல், மூளையை வைத்துக் கண்டுபிடித்தது. முந்நூறு பேர் முன்னால் அதைப் பலகையில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையிலிருந்து நீ எழுந்தாய். "மேடம், ஒரு சின்னத் திருத்தம்" என்றாய்.

மேடம்! அக்கா என்று கூப்பிட உனக்கு வாய் வரவில்லை. நான் ஐந்து கார்பன்களில் போட்டிருந்த வளையம் ஆறு கார்பன்களில் இருக்கிறது, படிகத்தில் பார்த்துவிட்டேன் என்று சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கையில் சாக்பீஸோடு மேடையிலேயே நின்றேன். அழிப்பதா, அப்படியே விடுவதா என்று தெரியாமல் நின்றேனே, அதை நீ பார்த்தாயா, இல்லை பார்க்காமலே உட்கார்ந்துவிட்டாயா?

நான் கண்டுபிடித்தது தப்பு என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. தப்பு தப்புதான். உன் ஆய்வகத்து டைப்பிஸ்ட் பிறகு என்னிடம் சொன்னாள், முடிவு உனக்கு நாலு நாள் முன்பே வந்துவிட்டது என்று. நாலு நாள்டா! என் மேஜையிலேயே போன் இருக்கிறது. "அக்கா, வளையத்தை மாத்திக்கோ" என்று மூன்றே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், உன்னிடம் இல்லை, எனக்குள்ளேயே.

அப்புறம் ஆறு மாதம் கழித்து ஒரு கவர் வருகிறது. பிரித்தால் படம் மட்டும். ஒரு வரி இல்லை, ஒரு சௌக்கியமா இல்லை. பிச்சை போடுவது போல அனுப்பிவிட்டு இன்று "உனக்காகவே" என்கிறாய். இந்தப் பூசி மெழுகுவதெல்லாம் அம்மாவிடம் வைத்துக்கொள்.

என் மேஜையில் தப்பு நடக்கவில்லை. படத்தை இரண்டு லென்ஸ் பொருத்திய கண்ணாடி ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து மூன்று நாள் குனிந்தே பார்த்தேன். முதுகு விட்டுப் போயிற்று. பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு அணுவுக்கும் கம்பியை வளைத்து மாதிரி செய்தேன். அந்த மாதிரி இன்னும் என் ஜன்னலோரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு படியும் நடந்தது. கம்பியில் தப்பு இல்லை, படத்தில்தான் தப்பு.

28க்கு இன்னும் பதினாறு நாள்.

அக்கா

மார்ச் 17

அக்கா,

எந்தக் கண்ணாடி ஸ்டாண்ட்?

உன் கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். நீ எப்போதிலிருந்து ஸ்டாண்ட் வைத்துப் பார்க்கிறாய்? நீ கண்ணைக் குறுக்கே மாற்றித்தானே பார்ப்பாய்! கல்லூரியில் படிக்கும்போது நிலைக்கண்ணாடி முன்னால் நின்று மாறுகண் போட்டுப் பழகினாயே, "கண்ணு அப்படியே நின்னுடும்டி, அப்புறம் யாருடி உன்னைக் கட்டிப்பா" என்று அம்மா தினமும் கத்துவாளே. லென்ஸ் வைத்தால் தலை வலிக்கிறது, எனக்கு இதுதான் சரி என்று என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. ஸ்டீரியோ படம் என்றால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். ஒன்று இடது கண்ணுக்கு, ஒன்று வலது கண்ணுக்கு. லென்ஸ் வழியாகப் பார்ப்பவருக்கு இடது கண்ணின் படம் இடப்பக்கம் இருக்க வேண்டும். கண்ணைக் குறுக்கே மாற்றிப் பார்ப்பவருக்கு அதே படம் வலப்பக்கம் இருக்க வேண்டும். எல்லோருக்கும் அச்சடிப்பது முதல் வகை. உனக்கு மட்டும் நான் இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினேன். உனக்காகவே என்று சொன்னேனே, அது இதுதான்.

அதைக் கொண்டுபோய் நீ லென்ஸுக்கு அடியில் வைத்திருக்கிறாய். முன்னால் நிற்கிற அணுவெல்லாம் பின்னால் போயிருக்கும், பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் வந்திருக்கும். வெறும் கோட்டுப் படம், எது எதை மறைக்கிறது என்று பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. மூலக்கூறு அச்சு அசலாக எழுந்து நின்றிருக்கும், ஆனால் கண்ணாடிப் பிம்பமாக நின்றிருக்கும். நானே நேற்று ஒரு பிரதியை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். அவ்வளவு அழகாக நிற்கிறது, யாருக்கும் சந்தேகமே வராது.

ஏன் சொல்லவில்லை நீ? ஸ்டாண்ட் வாங்கியதை எனக்கு ஒரு வார்த்தை எழுதினால் உன் கௌரவம் குறைந்துவிடுமா? இதைக் கேட்கும்போதே நானும் ஒரு வரி எழுதவில்லை என்று தெரிகிறது. எழுதாமல் இல்லை. நாலு தாள் எழுதிக் கிழித்தேன். எதை எழுதினாலும் மன்னிப்புக் கேட்பது போலவே வந்தது, எனக்கு அது பிடிக்கவில்லை. படம் மட்டும் போனால் போதும், அவளுக்கே புரியும் என்று கவரை ஒட்டினேன்.

அந்த நாலு நாள் விஷயமும் உண்மைதான். டைப்பிஸ்ட் பொய் சொல்லவில்லை. ஏன் போன் செய்யவில்லை என்று கேட்டாய், சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்து வீட்டில் நீதான் கெட்டிக்காரி. வாத்தியார்கள் எல்லாம் "அவளோட தம்பியா நீ?" என்றுதான் கேட்பார்கள். அன்று முதல் தடவையாக உனக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்தது. அது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று இருந்தது. எழுந்து பேசியபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அக்கா. மேடம் என்று ஏன் சொன்னேன் என்றால், அக்கா என்று சொன்னால் அந்த சந்தோஷம் போய்விடும் என்று பயம்.

உங்கள் தலைவருக்கு இன்று காலை பதிவுத் தபாலில் கடிதம் போட்டுவிட்டேன். படங்கள் இடம் மாறி ஒட்டப்பட்டுவிட்டன, முழுத் தவறும் என்னுடையது, உன் பக்கம் எந்தக் குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். முத்திரையும் வைத்தாயிற்று. பிரதி இதோடு இருக்கிறது.

தம்பி

மார்ச் 21

யாரைக் கேட்டு அனுப்பினாய்?

உன் கடிதத்தைப் பாதி படிக்கும்போது அழுகை வந்தது, கடைசிப் பத்தி வந்ததும் நின்றுவிட்டது. மறுபடியும் அதே வேலை! என்னைப் பற்றிய விஷயம், என் பதவி, என் தலைவர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீயே முடிவு செய்து, நீயே முத்திரை குத்தி, எனக்குப் பிரதி அனுப்புகிறாய். அன்று குழியில் தள்ளியவனும் நீ, இன்று தூக்கிவிடுகிறவனும் நீ. நடுவில் நான் என்ன, உன் கையில் இருக்கிற கம்பி மாதிரியா?

நான்தானே கடிதம் கேட்டேன் என்பாய். கேட்டேன். படம் தப்பு என்று நினைத்துக் கேட்டேன். இப்போது அது தப்பு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்த பிறகு ஏன் அனுப்பினாய்?

ஸ்டாண்ட் வந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதடா. கண்ணை மாற்றினால் படம் இரண்டு இரண்டாகவே நிற்கிறது, ஒன்று சேரவில்லை. அதை உனக்கு எழுதுவதா? மேடத்துக்கு வயதாகிவிட்டது என்று நீ சிரிப்பதற்கா?

இன்னொன்றையும் சொல்கிறேன், இதை யாரிடமும் சொல்லவில்லை. முதல் படிக்கு ஓர் அமிலம் வேண்டும். அதுவும் இடக்கை, வலக்கை என்று இரண்டு வடிவத்தில் வரும். வலக்கை எங்கும் கிடைக்கும், எங்கள் அலமாரியிலேயே பெரிய பாட்டில் இருந்தது. இடக்கை அபூர்வம். கம்பி மாதிரியைப் பார்த்தால் இடக்கைதான் வேண்டும் என்று வந்தது. ஐந்து மாதம் காத்திருந்து அதை வரவழைத்தேன். சின்ன பாட்டில், பெரிய பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். பூஞ்சை எதற்காக இந்த அபூர்வத்தைத் தேடிப் போகிறது என்று அன்று ஒரு நிமிஷம் கை நின்றது. உன்னிடம் அந்த எண்களின் பட்டியலைக் கேட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்றும் தோன்றியது. போனில் கை வைத்தேன். உன்னிடம் கேட்பதா என்று கையை எடுத்துவிட்டேன். சின்ன பாட்டிலைத் திறந்தேன்.

அதனால் முழுத் தவறும் உன்னுடையது என்று எழுதாதே. எனக்கு எரிகிறது.

அக்கா

மார்ச் 24

அக்கா,

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மா மேல் சத்தியம், பதில் பேச மாட்டேன். ஆனால் 28ஆம் தேதி அந்த அறையில் வாயைத் திறக்காதே.

பாட்டில் விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும். என் கடிதம் பொய் இல்லை, நான்தானே ஒட்டினேன். எனக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் ஆய்வகத்துப் பெரியவர் இரண்டு நாள் முறைப்பார், அவ்வளவுதான். உனக்குப் போவது வேலை. இந்த வயதில் வேறு எங்கே போய்க் குப்பி கழுவுவாய்? இரண்டு வருஷம் கிடைத்தால் பெரிய பாட்டிலை எடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். வழி முழுக்க உனக்குத் தெரியும், ஐந்தாறு மாதத்தில் முடித்துவிடுவாய்.

தலைவர் படிப்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள், நீ கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வா. உன் பிடிவாதத்தை வீட்டில் காட்டு, அங்கே காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

எண்களின் பட்டியல் இதோடு இருக்கிறது.

தம்பி

மார்ச் 29

தம்பிக்கு,

வேலை போய்விட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கடைசி வரை தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீள மேஜை, ஐந்து பேர், நான் ஒரு முனையில். தலைவர் உன் கடிதத்தை முழுக்கப் படித்தார். முத்திரையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "இதுல இவங்க தப்புன்னு ஒண்ணுமே இல்லையே. படம் தந்தவரே ஒத்துக்கிட்டாரு. ரெண்டு வருஷம் குடுத்துடலாமா?" என்றார். நாலு பேரும் தலையாட்டினார்கள். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். நீ சொன்னபடியே அச்சுப் பிசகாமல் நடந்தது.

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அந்த ஓரத்தில் இருந்த அம்மாள், அவர்கள் கெட்டவர் இல்லை, என்னிடம் இரக்கத்தோடு சொன்னார்கள்: "பாவம், அவரு குடுத்ததை நம்பி ஏமாந்துட்டீங்க." எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. உன்னிடம் நான் ஏமாந்தேனாம். எழுந்துவிட்டேன்.

"அந்தக் கடிதத்துல இருக்கிறது பாதிதான் சார்" என்றேன். நீ எனக்காக மாற்றி ஒட்டியது, நான் லென்ஸில் வைத்தது, இரண்டு பாட்டில், போனில் வைத்த கை, எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"சந்தேகம் வந்தும் கேக்கலையா?"

"கேக்கலை."

"ஏம்மா?"

"கேக்கப் பிடிக்கலை சார்."

"அப்படி என்ன பகை?"

"பகை இல்ல. அவன் என் தம்பி" என்றேன். கடிகாரம் பார்த்தவர் சிரித்துவிட்டார். மற்ற யாரும் சிரிக்கவில்லை.

வெளியே உட்கார வைத்தார்கள். இருபது நிமிஷம். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். தெரிந்தே ஒரு சந்தேகத்தை விட்டவருக்கு நீட்டிப்பு கொடுக்க விதியில் இடமில்லையாம். என் நோட்டுப் புத்தகங்கள் பக்கத்து மேஜைக்காரரிடம் போகின்றன. அவர் பெரிய பாட்டிலைத் திறந்து, என் இருபத்துமூன்று படிகளில் ஏறி, மழைக்காலத்துக்குள் சரியான பொருளைச் செய்துவிடுவார். கட்டுரையில் அவர் பெயர் வரும். எனக்கு நன்றி சொல்வார், அடியில், சின்ன எழுத்தில். எழுதும்போதே அவ்வளவு ஆத்திரம் வருகிறது. உன் மேலா, அவர் மேலா, என் மேலா என்று பிரிக்க முடியவில்லை.

உன்னைக் காப்பாற்றத்தான் பேசினேன் என்று கற்பனை செய்துகொள்ளாதே. உன் ஞாபகமே அப்போது இல்லை. நான் எதற்கு இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்றால், நடந்த இன்னொன்றை உனக்குத்தான் சொல்ல முடியும்.

அந்த மேஜை முன்னால் நின்று, ஐந்து பேருக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உன் முத்திரையை, அவர்களின் தலையாட்டலை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தப்பு என்று காட்டினேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததடா. வெட்கமே இல்லாத சந்தோஷம். படியிறங்கி, தெருவைத் தாண்டி, பஸ்ஸில் ஏறி, வீட்டுக் கதவைத் திறக்கும் வரைக்கும் இருந்தது. வேலை போய்விட்டது என்பது செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

உன்னை மன்னிக்கவில்லை. ஆனால் அந்த நாலு நாளைப் பற்றி இனிமேல் உன்னிடம் கேட்க மாட்டேன்.

அக்கா